மூன்று அங்குலம்

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு கோபம் என்று நாங்களாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். பதினெட்டு வருடமாக மாட்டு டாக்டர். உதைக்கிற மாட்டுக்குப் பின்னால் நின்று கத்துகிறவர்களுக்குப் பல் மிஞ்சாது என்பாள். அவளுடைய மருந்தகத்தில் போன் எடுப்பது, ஊசி மருந்துகளை ஃபிரிட்ஜில் அடுக்குவது, கன்று இழுக்கும்போது கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பது எல்லாம் தங்கையாகிய நான்.

முதல் ஏழு வருடம் ஸ்கூட்டரில்தான் போய்வந்தாள். ஒரு மழைக்காலத்தில் சேற்றில் சறுக்கி வலது மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் இடது கையாலேயே சினை பார்த்தாள். கட்டுப் பிரித்த அன்றே போய், நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பழைய வண்டி ஒன்றை வாங்கிவந்தாள். அழகில்லாத வண்டி. முன்கதவில் எருமை முட்டிய பள்ளம். பின்சீட்டைக் கழற்றிவிட்டு மருந்துப்பெட்டிக்காகப் பலகை அடித்திருந்தாள். சாவி போட்டால் கிளம்பும், மிதித்தால் நிற்கும். அவளுக்கு அது போதும்.

மாமாவுக்குப் போதவில்லை. மாமா, அதாவது அக்காவின் கணவர், காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறார். நாள் முழுக்க மற்றவர்களின் விபத்துக் கோப்புகளைப் படித்து, எங்கே கவனக்குறைவு என்று சிவப்புப் பேனாவால் கோடு போடுவதுதான் அவருடைய தொழில். அந்த மனுஷருக்கு நாற்பத்தாறு வயதில் காட்டுப்பாதையில் வண்டி ஓட்டும் ஆசை பிடித்தது. அலுவலக நண்பர்கள் ஏழு பேர் போனில் ஒரு குழு ஆரம்பித்து, ‘சேற்றுச் சிங்கங்கள்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் பாதிச் சிங்கங்களுக்கு முதுகுவலி.

அக்கா பத்து நாள் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தாள். சனிக்கிழமை மாலை திரும்பி வந்தபோது வாசலில் நின்றது அவளுடைய வண்டிதான் என்று அந்தக் கதவுப் பள்ளத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டாள். மூன்று அங்குலம் உயர்ந்து, தடித்த டயர்கள் போட்டுக்கொண்டு, ஜிம்முக்குப் போய்வந்த மாதிரி நின்றது.

“சர்ப்ரைஸ்!” என்றார் மாமா.

அக்கா பையைக் கீழே வைக்கவில்லை. “யார கேட்டுப் பண்ணீங்க?”

“உனக்காகத்தான். ஓடையில எறங்குறப்ப அடி தட்டுதுன்னு நீதானே சொல்லுவ?”

“நான் ஏறணும்னா இனிமே ஸ்டூல் போடணும். அந்தப் பெட்டிய யாரு தூக்கி வைக்கிறது?”

அத்தோடு அன்றைக்குப் பேச்சு நின்றது. மறுநாள் ஞாயிறு. அக்கா பத்து நாள் சேர்ந்த வேலையைத் தீர்க்க மருந்தகத்தில் உட்கார்ந்திருந்தாள். மாமா வண்டியை எடுத்துக்கொண்டு சிங்கங்களோடு போய்விட்டார். மாலை நாலு மணிக்கு நான் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனபோது, கீழே ரப்பர் குழாயை வைத்துக்கொண்டு வண்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். இடது முன்சக்கரத்துக்கு மேலே மட்கார்டு மடங்கியிருந்தது. அண்ணாந்து என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

“அக்காகிட்ட சொல்லிடாத. நாளைக்கு நானே சரி பண்ணி வெச்சிடுறேன்.”

நான் சிரித்தேன். சிரித்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

திங்கள் காலை ஆறேகாலுக்குப் போன் வந்தது. ஓடைக்கு அப்பால் நாலு மாடு வைத்திருக்கும் பண்ணைக்காரம்மா. கிடேரிக்கு முதல் கன்று. ஒரு முன்கால் மட்டும் வெளியே தெரிகிறது, இன்னொன்று உள்ளே மடங்கியிருக்கிறது போல, ஒரு மணி நேரமாக முக்குகிறது என்றாள். அக்கா பல் தேய்த்த வாயோடு பெட்டியைத் தூக்கினாள். நான் தள்ளிவிட, பெட்டி வண்டிக்குள் ஏறியது.

தார் ரோட்டில் அறுபதைத் தொட்டதும் ஸ்டீயரிங் காய்ச்சல்காரன் கை மாதிரி உதறத் தொடங்கியது. அடியில் எங்கோ ‘டுக் டுக்’ என்று ஓர் அடி. நேராக ஓட வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கைக் கால்வாசி வலதுபக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் எதையோ உரசிக் கத்தியது.

“இது நேத்து எங்க போச்சு?” என்றாள் அக்கா. குரல் ஒரு படி இறங்கியிருந்தது.

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

மண்பாதையில் ஓடையை நோக்கி ஒரு செங்குத்துச் சரிவு. பாதிச் சரிவில் பிரேக்கை மிதித்தாள். பெடல் தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தாள். காற்றை மிதிப்பது மாதிரி இருந்திருக்க வேண்டும். அவள் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. பின்சக்கரம் மட்டும் கொஞ்சம் பிடித்தது. அந்தச் சரிவுக்கு அது எந்த மூலைக்கு? கியரை ஒன்றுக்குத் தள்ளினாள், கை பிரேக்கை இழுத்தாள், ஸ்டீயரிங்கை ஒடித்து வண்டியை இடப்பக்க மண்மேட்டில் கொண்டுபோய்ச் சாத்தினாள். என் நெற்றி கண்ணாடியில் மோதியது. இறங்கிப் பார்த்தால் இடது முன்சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெயாக வழிந்துகொண்டிருந்தது.

“நட” என்றாள். மூன்றரைக் கிலோமீட்டர். ஆளுக்கொரு பக்கம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் சேற்றில், போன் வந்தால் எடுக்க முடியாமல் நடந்தோம். ஐம்பது நிமிடம்.

போய்ச் சேர்ந்தபோது கன்றின் உயிர் போய்விட்டிருந்தது. அக்கா தோள்வரை கையை விட்டு, மடங்கிய காலை நிமிர்த்தி, நானும் பண்ணைக்காரம்மாவும் கயிற்றை இழுத்து, வெளியே எடுத்தோம். நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு நல்ல வளர்ந்த கன்று. கிடேரி பிழைத்தது. அதற்கே ஒரு மணி நேரம் போராட வேண்டியிருந்தது.

பண்ணைக்காரம்மா கத்தவில்லை. கன்றின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “நான் போன் பண்ணப்ப அந்தக் காலு ஆடிட்டு இருந்துச்சு டாக்டர்.”

“தெரியும்” என்றாள் அக்கா. “வண்டி நின்னு போச்சு. தப்பு எங்களோடது.”

வழக்கமாக அவள் பார்க்கும் மெக்கானிக் டிராக்டரோடு வந்து வண்டியை இழுத்துப்போனார். ஊருக்கே அவர் ‘அரைவார்த்தை’. எந்த வாக்கியத்தையும் முடிக்கமாட்டார். மீதியை நாம்தான் முடித்துக்கொள்ள வேண்டும். மாமா உயர்த்தும் வேலையை அவரிடம் கொடுக்காமல், டயரும் விளக்கும் விற்கிற ஒரு பளபளப்பான கடையில் கொடுத்திருந்தார். அந்த வருத்தமும் அவருக்கு இருந்தது.

பட்டறையில் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். அக்கா ரத்தம் காய்ந்த சட்டையோடு, ஒரு சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்துவிட்டாள். அரைவார்த்தை டார்ச் அடித்தார்.

“வெளியில தொடச்சிருக்காங்க, உள்ள பாத்தா...” என்றார். ஸ்பிரிங்குகளுக்கு மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சேறு அப்பியிருந்தது. அதில் புல் வேறு.

ஒவ்வொன்றாகக் காட்டினார். வண்டி உயர்ந்ததும் முன் ஆக்ஸில் ஒருபக்கமாக நகர்ந்துவிட்டது. அதை நடுவில் நிறுத்தும் கம்பியை நீளமாக மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை. அதனால்தான் ஸ்டீயரிங் கோணல். என்ஜினிலிருந்து சக்கரத்துக்குச் சுற்றலைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் சாய்வாக நின்று, அதன் மூட்டு தேய்ந்து ஆடியது. டுக் டுக் அதுதான். பெரிய டயர் மட்கார்டைத் தின்றிருந்தது. ஹெட்லைட் இரண்டும் மரத்துக் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கடைசியாக பிரேக் ஹோஸ், அதாவது பிரேக் எண்ணெயைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய். பழைய நீளம்தான். சக்கரம் பள்ளத்தில் தொங்கியபோது இழுபட்டு, இரும்பு முனையை ஒட்டிக் கிழிந்திருந்தது.

“இது இன்னிக்குக் கிழிஞ்சது இல்ல டாக்டர். நேத்தே பாதி... இன்னிக்கு மீதி.”

அக்கா வெளியே வராமலே கேட்டாள். “நேத்து வண்டி எங்க போச்சுன்னு உனக்குத் தெரியும்தானே?”

என்னைத்தான். சொல்லிவிட்டேன். மாடியிலிருந்து பார்த்தது, உதட்டில் வைத்த விரல், சிரித்தது எல்லாவற்றையும்.

அக்கா அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்து எழுந்தாள். பிறகு, “காலைல என் பக்கத்துல உக்காந்திருந்தியே. கேட்டேனே” என்றாள். காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கிற குரல். அவள் என்னை அறைந்திருக்கலாம் என்று தோன்றியது.

மாமா அலுவலகத்திலிருந்து அப்படியே வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, சட்டைப்பையில் அந்தச் சிவப்புப் பேனா. “யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?” என்றபடி வந்தவர், அக்காவின் சட்டையைப் பார்த்து நின்றுவிட்டார்.

“கன்னு செத்துப்போச்சு.”

“ஐயோ. சரி, உங்களுக்கு ஒண்ணும்...”

“ஹோஸ மாத்தலையா?”

மாமா அரைவார்த்தையைப் பார்த்தார். அவர் ஒரு ஸ்பேனரைத் துடைக்கத் தொடங்கினார். உதவிக்கு ஆள் இல்லை.

“கடைக்காரன் நீளமான ஹோஸ் ஸ்டாக் இல்லன்னான். ஒரு வாரத்துல வரும்னான்.”

“அதுவரைக்கும் என்ன சொன்னான்?”

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. “மேடு பள்ளத்துல கொண்டுபோக வேண்டாம்னு...”

“நேத்து எதாவது சத்தம் கேட்டுச்சா?”

“ஒரு பள்ளத்துல எறங்கறப்ப ‘டப்’புனு... அப்புறம் பெடல் கொஞ்சம் மெத்துன்னு இருந்துச்சு. காத்து புகுந்திருக்கும்னு நெனச்சேன்.”

“நெனச்சிட்டு வண்டிய கழுவின.”

பதினாலு வருடக் கல்யாணத்தில் அவரை அவள் ஒருமையில் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமாவுக்கும் உறைத்தது.

“அடுத்தவன் செஞ்சா கோடு போடுறியே, தினமும்? உன் பொண்டாட்டி ஓட்டுற வண்டிக்கு ஏன் போடல? நாங்க ரெண்டு பேரும் ஓடைக்குள்ள போயிருந்தா அந்தக் கோப்பையும் நீதான் படிச்சிருப்ப. ஷாம்பு போட்டுக் கழுவியிருக்க. ஷாம்பு! காலைல நான் கெளம்புறப்ப முழிச்சுத்தானே இருந்த? ‘எடுக்காத’ன்னு ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த.”

“திட்டுவியேன்னு...”

“திட்டுவேன்தான். திட்டு வாங்கினா செத்தா போவ?”

பட்டறையில் வேறு யாரோ சுத்தியலைக் கீழே வைத்தது கேட்டது. அரைவார்த்தை மெதுவாக, “பழசையே மாட்டிடலாம் டாக்டர், பழைய ஸ்பிரிங் இருந்தா...” என்றார்.

பழைய ஸ்பிரிங்குகளை மாமா கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அவர்கள் அதை இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மாமா ஒரு அடி பின்னால் போனார்.

ஆக, உயரம் உயரமாகவே இருக்க, மற்றதெல்லாம் சரியாக வேண்டும். மூன்று நாள் வேலை. நாலு சக்கரத்துக்கும் நீள ஹோஸ், நீளம் கூட்டிக்கொள்ளும் கம்பி, ஷாஃப்டுக்குப் புது மூட்டு, டயர் மட்டும் பழைய அளவு. மாமா அந்த மூன்று நாளும் லீவு போட்டார். போட வைத்தாள். பகலில் அவருடைய சின்னக் காரில் அக்காவை மாட்டுத் தொழுவங்களுக்கு ஓட்டிப்போனார். சாணி பூட்ஸோடு அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சீட்டுறை வெள்ளை. மாலையில் பட்டறையில் அடியில் படுத்து, சுரண்டியால் சேற்றைச் சுரண்டினார். இரண்டாம் நாள் ஒரு கட்டி கண்ணில் விழுந்து, கண் ரத்தமாகச் சிவந்தது. அக்கா மாட்டுக்கு வைத்திருந்த உப்புத் தண்ணீரால் கழுவிவிட்டாள்.

மூன்றாம் நாள் அரைவார்த்தை ஒரு முன்சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பி, ஹோஸ் எங்கும் இழுபடவில்லை என்று காட்டினார். அக்கா தானே விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சாவியை வாங்கினாள்.

மாமா பண்ணைக்காரம்மாவிடம் தானாகவே ஒருநாள் போனார். நானும் கூடப் போனேன். எனக்கும் போக வேண்டிய காரணம் இருந்தது. அவள் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தாள். மாமா நடந்ததை மறைக்காமல் சொன்னார். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, “வெளையாடப் போனீங்களா?” என்றாள். மாமா தலையாட்டினார். “சரி, போங்க சார். எனக்கு வேல கெடக்கு.” வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் எங்களை அழைக்கவில்லை. பக்கத்து ஊர் டாக்டரைக் கூப்பிடுகிறாள் என்று கேள்வி. அக்கா அதைக் கேட்டு, “கூப்பிடட்டும். நியாயம்தான்” என்றாள். பண்ணைக்காரம்மாவின் மாடுகளைப் பற்றி மருந்தகத்தில் எழுதிவைத்திருந்த அட்டையை மட்டும் அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்க விடவில்லை.

மாமா சிங்கங்கள் குழுவிலிருந்து விலகினார். அதை அக்காவிடம் பெரிய செய்தியாகச் சொன்னார். “நான் போக வேணாம்னு சொல்லவே இல்லையே. நல்ல வண்டியா ஒண்ணு வாங்கிட்டுப் போங்க” என்றாள். ‘ங்க’ திரும்பி வந்துவிட்டதே என்று அவருக்கு ஒரு நிம்மதி.

பன்னிரண்டாம் நாள் மதியம், தட்டு வைக்கும்போது மெல்லக் கேட்டார். “கோவம் போயிடுச்சா?”

“இல்ல. பசிக்குது.”

சாப்பிட்டாள். எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தாள். ஆனால் என் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை பேச அவளுக்கு இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.