பதினாறாவது வளையம்

இது நடந்தது. நம்ப மனமில்லாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் பாதி கேட்டுவிட்டு, 'புருஷன் போன துக்கம், காதில் என்னென்னவோ கேட்டிருக்கும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னவர்கள் அந்த மலையில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தன்கூட அந்தச் சங்கிலியைக் கையில் எடுத்துப் பார்த்தவன் இல்லை.

மலையாளக் கணக்குத் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து வெள்ளம், இங்கிலீஷுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலில், மலையைப் புரட்டிப் போட்டதே, அதற்கு மூன்று வருஷம் கழித்து. உடும்பஞ்சோலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். வெள்ளத்தில் போன பழைய ஃபேக்டரிக்குப் பதில் புதிது கட்டிக்கொண்டிருந்தார்கள். இரும்பு உத்தரமும் மிசினும் போடியிலிருந்து துண்டு துண்டாக மலையேறி வந்தன. வந்ததையெல்லாம் சங்கிலியிலும் கயிற்றிலும் கட்டித் தூக்கி நிறுத்துவது மிக்கேல் மேஸ்திரியின் வேலை. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பெண்டாட்டி செபமாலையம்மாள் அதே கட்டடத்தில் மண் சுமந்தாள். அவளுடைய தம்பி கபிரியேல், முப்பது வயது ஆள், மிக்கேலுக்குத் துணையாக நின்றான்.

மிக்கேலிடம் அவசரம் செல்லாது. தூக்க வேண்டிய சாமானை இரண்டு தரம் சுற்றி வருவான். ஓரம் கூரான இரும்பா, கயிறு கூடாது, அறுந்துவிடும், சங்கிலிதான். மரச்சாமான் என்றால் கயிறு. அதற்கும் மூலைக்கு மூலை கோணியை மடித்து வைப்பான். சங்கிலியின் இரண்டு காலும் அகலமாக விரிந்து நின்றால் பாரம் கூடிப்போகும் என்று இறக்கச் சொல்லி, நீளமான சங்கிலியாக மாற்றுவான். உறைபனி விழுந்த காலையில் சங்கிலியைத் தீயின் பக்கத்தில் வைத்துச் சூடு காட்டாமல் எதையும் தூக்க மாட்டான். கீழே வெயில்காட்டிலிருந்து வந்த ஆள்களுக்கு அது பெரிய வேடிக்கை. இரும்புக்குமா குளிரும் என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவன் பதில் சொல்ல மாட்டான். தீயைத் தூண்டிவிடுவான்.

கடைசியாக, தட்டுவது. உள்ளங்கையில் அடங்கும் சின்னச் சுத்தியல் ஒன்று அவனிடம் இருந்தது. கொக்கிப் பக்கம் தொடங்கி ஒவ்வொரு வளையமாகத் தட்டுவான். நல்ல வளையம் 'டங்...' என்று இழுத்துப் பாடும். விரிசல் விட்டது 'டக்' என்று அதோடு நின்றுவிடும். மொத்தம் இருபத்து மூன்று வளையம். எட்டாவது முடிந்ததும் ஒரு இருமல் இருமிவிட்டு ஒன்பதாவதைத் தொடுவான். அது முடியும்வரை துரை வந்தாலும் வாய் திறக்காமல் நிற்க வேண்டியதுதான். மண்கூடையோடு நடக்கும் செபமாலை தூரத்திலிருந்தே அதை எண்ணுவாள். இருபத்து மூன்று முடிந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

ஒரே ஒரு நாள்தான் அவள் இடையில் கூப்பிட்டாள்.

தை மாதம். முந்தின நாள் முழுக்க அவனுக்குக் காய்ச்சல். ஒரு வாய் சாப்பிடவில்லை. காலை பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் கஞ்சிப் பானையோடு வந்தாள். பதினாறாவது வளையம் 'டங்' என்றது.

"கஞ்சி ஆறுது. வாங்க."

அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். அவள் கீழே உட்கார்ந்து கஞ்சியை ஊற்றினாள். அவன் எழுந்து வந்து குடித்தான். அவள் பானையைக் கழுவ ஓடைக்கு இறங்கினாள். ஓடை இரைச்சலில் மேலே நடப்பது எதுவும் கேட்காது. திரும்பி மேட்டில் ஏறும்போது உத்தரம் அந்தரத்தில் தொங்கியது. கீழே மிக்கேல் நின்றிருந்தான்.

அறுந்தது பத்தொன்பதாவது வளையம்.

அந்தச் சின்னச் சுத்தியலை அவளே அவன் கைக்குள் வைத்தாள். சவப்பெட்டியை மூடினார்கள். அன்று முதல் அவள் கஞ்சியைச் சூடாகக் குடித்ததில்லை. ஊற்றி வைத்து, ஆறி, ஆடை படிந்த பிறகுதான் குடிப்பாள். 'நான் கூப்பிடாம இருந்திருந்தா இன்னும் மூணு தட்டுத்தான்' என்று லயத்துக் கூலிவீடுகளில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அழுதாள். கபிரியேல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள். காலை பத்துக்குப் பத்து நிமிஷம். நல்ல பகல்தான், ஆனால் மூடுபனி இறங்கி, நீட்டிய கை தெரியவில்லை. ஆள்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தீயருகே இருந்தார்கள். செபமாலை தம்பிக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். சங்கிலி கிடக்கும் கொட்டகைப் பக்கமிருந்து...

டங்...

டங்...

நின்றாள். யாரோ வேலையில் இருக்கிறார்கள் என்று நினைத்தாள். ஆறு. ஏழு. எட்டு.

ஒரு இருமல்.

பானையைக் கீழே வைத்தாள். ஒன்பது தொடங்கியது. பதினாறு வரை போனது. அப்புறம் இல்லை. பதினாறில் நின்று, யாரோ கூப்பிடுவதற்காகக் காத்திருப்பதுபோல் ஒரு அமைதி. அவளுக்கு வாய் வரவில்லை. ஆபீஸ் முன்னால் தொங்கும் தண்டவாளத் துண்டில் பத்து மணி அடித்தார்கள். கொட்டகைக்குள் போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. சங்கிலி சுருண்டு கிடந்தது.

அதன் பிறகு மூடுபனி இறங்கிய நாளெல்லாம் அதே நேரம். பதினாறு. முதலில் பயம்; ஜெபமாலையை உருட்டிக்கொண்டே ஓடுவாள். போகப் போக அந்தப் பதினாறுக்காகவே பனியை எதிர்பார்த்தாள். அவனிடமிருந்து அவளுக்கு மிச்சமானது அந்தச் சத்தம் மட்டும்தான்.

ஒரு நாள் தம்பியிடம் கேட்டாள்.

"ஏல கபிரியேலு, உனக்குக் கேக்குதா?"

"என்னதுக்கா?"

"தட்டுற சத்தம்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எனக்கு ஒண்ணும் கேக்கல."

மேஸ்திரி வேலை இப்போது கபிரியேலுக்கு. மதுரையிலிருந்து புதுச் சங்கிலி வந்திருந்தது. அதற்கும் இருபத்து மூன்று வளையம். அவன் ஒவ்வொன்றையும் தடவிப் பார்ப்பான், கண்ணருகே பிடித்துப் பார்ப்பான். தட்ட மாட்டான். சுத்தியலை எடுத்தாலும் உடனே கீழே வைத்துவிடுவான். மச்சான் போன துக்கம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். மார்கழியில் உறைபனி விழுந்தது. சங்கிலி இராமுழுக்க வெளியே வெள்ளை பூத்துக் கிடந்தது. புது இரும்புக்கு என்ன வந்துவிடும் என்று சூடும் காட்டவில்லை.

மார்கழி பதினெட்டு. தேயிலை உருட்டும் மிசினின் அடிப்பாகம், ஒன்றரை டன். மழைக்கு முன்னால் ஏற்றி உட்கார வைக்க வேண்டும் என்று துரை சொல்லியிருந்தார். மூன்று கால் கட்டையில் கப்பி. கப்பியில் சங்கிலி. இருபது பேர் இழுத்து, மிசின் ஆள் உயரத்துக்கு மேலே போயிற்று. கீழே கபிரியேல், கடப்பாரையோடு, அதைக் குறி பார்த்து இறக்குவதற்காக நின்றான்.

பனி இறங்கியது. பத்துக்குப் பத்து நிமிஷம். செபமாலை மேட்டில் பானையோடு வந்தாள்.

டங்...

கால் தானாக நின்றது. ஆனால் என்னவோ சரியில்லை. சத்தம் கொட்டகைப் பக்கமிருந்து வரவில்லை.

மேலேயிருந்து வந்தது.

பாரத்தோடு தொங்கும் சங்கிலியிலிருந்து.

இழுத்துப் பிடித்திருந்த இருபது பேரும் சும்மா நின்றார்கள். யார் முகத்திலும் மாற்றமில்லை.

எட்டு. இருமல்.

பதின்மூன்று... பதினான்கு...

பதினைந்து...

பதினாறு.

அமைதி. இதோடு முடியும். எப்போதும் இதோடு முடியும்.

டங்...

பதினேழு.

அவள் பனிக்குள் ஓரடி எடுத்து வைத்தாள்.

டங்...

பதினெட்டு.

...

டக்.

பானை விழுந்து உடைந்தது. அவள் ஓடினாள். "வெளிய வா... ஏல, வெளிய வா..." கபிரியேல் அசையவில்லை. கடப்பாரையைப் போட்டுவிட்டு மேலே பார்த்தபடி நின்றான். அவள் அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள்.

மேலே ஏதோ முறிந்தது.

மிசின் இறங்கிய அதிர்வில் தரை குலுங்கியது. அவன் நின்ற இடத்தில் கடப்பாரை இரண்டாக மடிந்து கிடந்தது. அப்புறம்தான் ஆபீஸில் பத்து அடித்தார்கள்.

கொல்லர் நல்லதம்பி வந்து சங்கிலியை நீட்டிப் போட்டு எண்ணினார். பத்தொன்பதாவது வளையம். முறிவின் உட்பக்கம் பாதி துருவேறியிருந்தது. விரிசல் விட்டுப் பத்து நாளாவது ஆகியிருக்கும் என்றார். பிறகு வளையங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபத்து மூன்றிலும் சின்னச் சுத்தியல் பட்ட தடம். புதுத் தடம், பளிச்சென்று.

"இத ஆரு தட்டுனது?" என்று கேட்டார். "இம்புட்டுச் சின்ன சுத்தி எங்கிட்டகூட இல்லையே."

அந்தச் சுத்தியல் எங்கே இருக்கிறது என்று செபமாலைக்குத் தெரியும். அது மண்ணுக்குள் ஆறடியில் இருந்தது.

அதன் பிறகு சத்தம் இல்லை. பனி வந்தது, பத்து மணி வந்தது, அவன் வரவில்லை. அவள் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் துணிந்து கூப்பிட்டும் பார்த்தாள். "கஞ்சி ஆறுது. வாங்க." பதினோரு மாதம் வராத அந்த வார்த்தை அன்றைக்கு வந்தது. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

வருஷ நினைவுப் பூசை அன்று காலை, கல்லறையில் அக்காளும் தம்பியும் மட்டும் நின்றார்கள். மெழுகுதிரி கொளுத்தியாயிற்று. கபிரியேல் திடீரென்று மண்ணில் உட்கார்ந்தான்.

"அக்கா, அன்னைக்கி மச்சான் சோலியப் பாதியில போட்டுட்டு வரல."

அவள் திரும்பினாள்.

"நீ குனிஞ்சி கஞ்சி ஊத்திக்கிட்டிருந்தே. சுத்தியல எங்கிட்டக் குடுத்தாரு. பதினாறு ஆயிட்டு, மிச்சம் ஏழு இருக்கு, நீ பாத்துருன்னாரு."

"நீ பாத்தியா?"

"கை வெறச்சிக் கெடந்துச்சி. பதினாறு நல்லா இருக்கே, மிச்சத்துக்கு என்னன்னு தீகிட்ட ஒக்காந்துட்டேன். நீ ஓடைக்குப் போனப்ப வந்து, பாத்தியாலன்னு கேட்டாரு. பாத்துட்டேன் மச்சான்னு சொன்னேன். அந்தச் சொல்ல நம்பித்தான் அடியில போயி நின்னாரு."

ஒரு வருஷம். ஆறிய கஞ்சி. கூப்பிட்டுக் கொன்றுவிட்டேன் என்று அவள் அழுத இரவெல்லாம் இவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கண்ணைத் துடைத்திருக்கிறான். அடிக்கக் கையை ஓங்கினாள். முடியவில்லை. மிக்கேல் செத்த பிறகும் வந்து காப்பாற்றிக் கொடுத்த உயிர் அது.

"ஏம்ல எங்கிட்டச் சொல்லல?"

"நீயும் வெறுத்துட்டா எனக்கு ஆரு இருக்கா?" அவன் தலை நிமிரவில்லை. "தட்டுற சத்தம் கேக்குதான்னு கேட்டியே. கேட்டுச்சுக்கா. ஆனா எனக்குப் பதினாறு கேக்காது. நீ கேட்டு முடிச்ச பெறகுதான் எனக்கு ஆரம்பிக்கும்."

"எத்தன?"

"ஏழு. எப்பவும் ஏழு. மூணாவது மட்டும் டக்குன்னு இருக்கும்."

தூரத்தில் ஆபீஸ் மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கல்லறைச் சிலுவைகளை மறைத்துக்கொண்டு பனி இறங்கியது. கபிரியேல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"இன்னும் நிறுத்தலக்கா... இப்பவும் தட்டுறாரு..."

செபமாலை மூச்சை அடக்கிக்கொண்டு, கல்லறை மேட்டு மண்ணில் காதை வைத்துப் படுத்தாள். ஒரே ஒரு தட்டு போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.