கொட்டகை நின்ற இடத்தில் ஒரு கிணறு

மகள் வாங்கிய மனையில் முன்பு சினிமாக் கொட்டகை இருந்தது. புதுக்கடைப் பக்கம் எங்கள் வயதுக்காரர்கள் இன்றும் அதைக் கொட்டகை விளை என்றுதான் சொல்வார்கள். ஓலைக் கூரை, மணல் தரை, நாள்தோறும் இரண்டு ஆட்டம். கொட்டகையை மூடிய பிறகு வாழை வைத்தார்கள். வாழைக்குப் பிறகு ரப்பர். ரப்பரையும் வெட்டி, பங்கு வைத்து, மனை மனையாக விற்றார்கள். அதில் ஒன்றை மகள் வாங்கினாள். மருமகனுக்கு வளைகுடாவில் வேலை. அவன் அங்கே வெயிலில் நின்றது மொத்தமும் இந்த மண்ணில்தான் கிடக்கிறது.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டத் தொடங்கிய அன்று, பால் வாங்கப் போன கிழவர் ஒருவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்.

"இஞ்ச ஒரு கெணறு கெடந்துல்லா? அத மூடினது ஆரு?"

கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். பின்னால் போய்க் கேட்டேன்; இருந்தது தெரியும், எந்த இடம் என்று தெரியாது என்றார். கொத்தனார் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"கெணறு எங்கண்ணு அறியாம நான் ஒரு கல்லு வைக்க மாட்டேன் மாமா. ரோட்டு வளவுல ஒரு வீடு சுவரு பொளந்து நிக்குதுல்லா? அதும் மூடின கெணத்துக்க மேல கெட்டினதாக்கும்."

மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்க இஞ்ச படம் காண வந்திருக்கியள்ளா? எங்க கெடந்து?"

வந்திருக்கிறேன். பல தடவை. ஆனால் எனக்குத் தெரியாது.

நான் ரப்பர் பால் வெட்டியவன். விடியும் முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்க வேண்டும். அதனால் முதல் ஆட்டத்துக்குத்தான் போவேன். தரை டிக்கெட். மணலைக் கூட்டி மேடு போட்டால் தலைக்குச் சுகமாக இருக்கும். இரண்டாவது பாட்டு வரும் முன் உறங்கிவிடுவேன். ஆட்டம் முடிந்து ஆட்கள் என் காலைச் சவுட்டி மிதித்துப் போகும்போது எழுந்து வீட்டுக்குப் போவேன். எந்தப் படத்தின் முடிவையும் நான் கண்டதில்லை. கிணற்றை எங்கே காண?

கொட்டகை நடத்தியவர் இறந்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் வெளியூரில். போனில் கேட்டால், அப்படி ஒரு கொட்டகை இருந்ததா என்று என்னிடமே கேட்கிறார்கள். படம் ஓட்டிய ஆப்பரேட்டர் மட்டும் உயிரோடு இருப்பதாகச் சொன்னார்கள். நாகர்கோவிலில் மகன் வீட்டில் இருக்கிறாராம். மார்த்தாண்டம் போய் அங்கிருந்து பஸ் ஏறினேன்.

அந்த வழியிலும் உள்ளே பிரிகிற ரோடுகளிலும் முன்பு பல கொட்டகைகள் இருந்தன. போகிற போக்கில் பார்த்துக்கொண்டு போனேன். ஒன்று கல்யாண மண்டபம். ஒன்று ஜவுளிக்கடைக்கு வண்டி நிறுத்தும் இடம். ஒன்று நான்குவழிச் சாலைக்கு அடியில் போய்விட்டது. இன்னொன்றில் திரை கட்டிய சுவர் மட்டும் நிற்கிறது. அதில் ஓர் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் அதைக் காட்டினேன். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார்.

ஆப்பரேட்டருக்குக் கண் மங்கிவிட்டது. குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்தார்.

"மணல்ல உறங்குத ஆளுல்லா நீரு? உமக்க கொறட்டைய மறைக்க நான் சத்தத்தக் கூட்டி வைப்பேன் ஓய்."

கிணற்றைக் கேட்டேன்.

"படம் ஓட்டுத எனக்க முறிக்க வலது கைப்பக்கம். எஞ்சினுக்க அடுத்து. எஞ்சினு சூடானா அதுலருந்துதான் வெள்ளம் கோரி ஊத்துவினும்."

"உறப்பா?"

"என்ன ஓய் உறப்பு? நீரு உறங்கின ஆளு. நான் முழிச்சிருந்த ஆளு."

சரி என்று வந்தேன். அவர் சொன்ன இடத்தில் ஜேசிபியை விட்டுத் தோண்டினோம். சிமென்ட் சுவர் ஒன்று தட்டுப்பட்டது. மகள் கையைத் தட்டினாள். மேலும் தோண்டினால் அடியில் தளம். அதற்கும் கீழே இறுகிய சரல் மண், கம்பிப்பாரை தெறிக்கிறது.

கொத்தனார் குழிக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறி வந்தார். "இது தொட்டி மாமா. எஞ்சினுக்கு வெள்ளம் கெட்டி வச்ச தொட்டி. ஆரோ கெணத்துலருந்து கொண்டு வந்து இதுல நெறச்சிருக்கினும்."

மற்ற இடத்திலும் தோண்டலாமா என்று கேட்டேன். கண்ட இடமெல்லாம் கிளறினால் மண் இளகிவிடும், பிறகு வீடே வைக்க முடியாது என்றார். மருமகன் போனில் பேசினான். கம்பியைக் கூடுதலாகப் போட்டுக் கட்டச் சொன்னான். அடுத்த லீவுக்கு வரும்போது வீடு நிற்க வேண்டும் என்றான். வீடு நிற்கத்தான் எல்லாரும் பாடுபடுகிறோம். மகள் போனை வைத்துவிட்டுத் தோண்டிய குழிப்பக்கம் திரும்பி நின்றாள்.

அந்த நாட்களில் எல்லாம் என் வீட்டுக்காரிதான் வேலைக்காரர்களுக்குச் சாயா கொண்டு வந்தாள். மனையின் மூலையில் ஓர் அயனி மரம். அதன் கீழே உட்கார்ந்து நாங்கள் தோண்டுவதைப் பார்ப்பாள். பாதையிலிருந்து மரத்துக்கு மனைக்குக் குறுக்கே நடந்தால் பக்கம். அவள் வேலியை ஒட்டிச் சுற்றித்தான் வருவாள். சேற்றுக்குப் பயந்து என்று நினைத்தேன்.

கொட்டகையில் சாயாவும் கடலையும் விற்ற முஸ்லிம் பெரியவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், தேங்காப்பட்டணத்தில் இருப்பது பிறகுதான் தெரிந்தது. போனேன். வீட்டு முற்றத்தில் வலை காயப்போட்டிருந்தது. என்னை நாற்காலியில் உட்கார வைத்து, அவரே உள்ளே போய்ச் சாயா போட்டு வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். வலதுபக்கத்தில் தொட்டிதான் கிடைத்தது என்றேன்.

அவர் சிரித்தார். "ஆப்பரேட்டருக்குத் தொட்டிதான் தெரியும். கெணறு பெண்ணுங்க பக்கமாக்கும். நடுவுல ஓலைத் தட்டி உண்டும்லா? தட்டிக்கு அங்கோட்டு ஆம்பிளையள் போகப்பிடாது. எனக்க கடைக்கு வெள்ளம் கொண்டு தந்ததும் ஒரு பெண்ணுதான். அது போய்ச் சேந்தாச்சு. கெணத்த நானே கண்டதில்ல."

"அப்ப ஆருட்டதான் கேக்க காக்கா?"

"எந்த ஆம்பிளைட்ட கேட்டாலும் அறியாது. வீட்டுல கேளும்."

"எனக்க வீட்டுக்காரி கொட்டகைக்குப் போனதே இல்ல. அவ சபைக்காரி."

சாயா புரை ஏறும்வரை சிரித்தார். "சபைக்காரியள்தான் ஓய் எடம் பிடிச்சி உக்காருவினும். முன்வாசல் வழியா வரமாட்டினும், அவ்வளவுதான். லைட்ட அணச்ச பெறவு பின்வேலிய வெலக்கிக்கிட்டு வருவினும். தலையில முக்காடு. எனக்க வீட்டுப் பெண்ணுங்க தோத்துப்போவும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் சபையில் அப்போது கட்டுப்பாடு கடுமை. சினிமாவுக்குப் போனது தெரிந்தால் திருவிருந்து தரமாட்டார்கள். பேரை ஆராதனையில் வாசிப்பார்கள். என் பேரையும் வாசித்தார்கள். நான் பின் பெஞ்சில் உறங்கிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் இருந்தவன்தான் சொன்னான். அந்தப் பேர்களை வாசிப்பவர் சபை மூப்பர். அவருடைய மகளைத்தான் பிறகு நான் கட்டினேன். சினிமாக் கொட்டகையைச் சவுட்டாத பெண் என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். அவளும் அதைச் சொல்லியே வாழ்ந்தாள். பல வருடமாகச் சண்டே கிளாஸ் எடுக்கிறாள். அங்கே பிள்ளைகளிடமும் அதையே சொல்வாள்.

இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஏட்டி, கெணறு பெண்ணுங்க பக்கமாம். உனக்கு வல்லதும் தெரியுமா?"

அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "எனக்கு எப்படித் தெரியும்? எனக்க காலு அதுக்குள்ள சவுட்டியிருக்கா?"

நான் மேலே கேட்கவில்லை. அவள் அந்த மீனை நெடுநேரம் கழுவினாள்.

கல் போடும் ஜெபத்துக்கு நாள் குறித்தாயிற்று. அதை மாற்றினால் மருமகன் வீட்டார் முகம் கோணும். கொத்தனார் அரை மனதாக ஒத்துக்கொண்டார். கம்பியைக் கூட்டிப் போடுகிறேன், பிறகு என்னைச் சொல்லக்கூடாது என்றார். நாங்கள் யாரைச் சொல்லப்போகிறோம்.

அன்று காலை போதகர் வந்தார். சின்ன வயது. சபைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள், பாதிப்பேர் எங்கள் வயதுக்காரிகள். முளையடித்து நூல் கட்டியிருந்தது. எது அடுக்களை, எது முன்முறி என்று மகள் நூலைக் காட்டிச் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியில் அயனி மரத்துப் பக்கம் காட்டி, "இது அப்பாக்கும் அம்மைக்கும் உள்ள முறி," என்றாள். எங்கள் பழைய வீட்டுக்குப் படி ஏற வேண்டும். எனக்கு முட்டு ஆகாது. அதற்காகத்தான் அந்த முறி.

கல்லை எடுத்துக் கொத்தனார் குனிந்தார். போதகர் வேதத்தை விரித்தார்.

"நில்லுங்க," என்றாள் என் வீட்டுக்காரி.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நூலைத் தாண்டினாள். எங்கள் முறி என்று சொன்ன இடத்தின் நடுவில் போய் நின்றாள். இத்தனை நாள் சுற்றிப்போன இடம்.

"இஞ்சயாக்கும் கெணறு."

போதகர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கொத்தனாரைப் பார்த்தேன்.

மகள்தான் கேட்டாள். "அம்மா, ஒனக்கு எப்படி…?"

"படம் கண்டா கரைவேன். கண்ணு வீங்கினா எனக்க அப்பா கண்டுபிடிச்சிருவாரு. இதுல வெள்ளம் கோரி முகம் கழுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்." தரையைப் பார்த்தே சொன்னாள். "எனக்க பிள்ளைக்க வீடு தாழ வேண்டாம்."

சபைப் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்தார்கள். ஒருத்தி இருமினாள். அப்புறம் பின்னால் நின்ற ஒருத்தி, மறைந்த பழைய போதகரின் மச்சினி, மெதுவாகச் சொன்னாள்.

"அங்க இல்ல பிள்ளே. இன்னும் கொஞ்சம் மரத்துப் பக்கம் தள்ளி. துணி தொவைக்க ஒரு கல்லு கெடந்துல்லா, அத மறந்திட்டியா?"

"கயிறு குட்டையாக்கும் அந்தக் கெணத்துல," என்றாள் இன்னொருத்தி. "குனிஞ்சி கோரி எனக்க நடுவு போச்சு."

"நீ எப்ப வந்த?" என்று மச்சினி கேட்டாள்.

"நீ வந்தப்பதான். எனக்க முன்னாலதான் நீ உக்காந்திருந்த. தலைய வச்சு மறைச்சி ஒண்ணும் காண விடமாட்ட."

கொத்தனார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. போதகர் வேதத்தை மூடினார். "அம்மமாரே, எடத்த மட்டும் உறப்பாச் சொல்லுங்க. ஜெபம் பெறவு பண்ணலாம்," என்றார்.

மத்தியானத்துக்குள் கிணறு அகப்பட்டது. மேலே செம்மண். கீழே கறுத்த மண், மட்கிய ஓலை, உடைந்த ஓடு, கோலி அடைத்த சோடாக் குப்பிகள். கொத்தனார் கம்பிப்பாரையை விட்டார். அது பாதிக்கு மேல் தானாக இறங்கியது. பாரையை உருவி எடுத்து மகளிடம் காட்டினார். நுனி நனைந்திருந்தது.

வீட்டைச் சுருக்க வேண்டி வந்தது. மனை சிறியது, தள்ளிக் கட்ட இடம் இல்லை. எந்த முறியைக் குறைப்பது என்று கொத்தனார் கேட்டார். அதைக் கேட்க வேண்டியதே இல்லை. மகள் அழுதாள். பழைய வீட்டுப் படி ஏறினால் காலுக்கு நல்லது என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு வீட்டுக்காரி சண்டே கிளாசுக்குப் போகவில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிறு போதகர் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிக் கூப்பிட்டார். போனாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"என்ன படம் டீச்சர், என்ன படம் டீச்சர்ணு ஒரே சத்தம். ஒரு வசனம் படிக்க விடலை."

"நீ என்ன சொன்ன?"

"பேரு மறந்துபோச்சுன்னேன்."

வீடு இப்போது ஜன்னல் மட்டத்துக்கு வந்திருக்கிறது. கிணற்றைத் தூர் வாரி உறை இறக்கினோம். கட்டுவேலைக்கு அந்த வெள்ளம்தான். சாயங்காலம் சுவரை நனைக்க நாங்கள் இரண்டு பேரும் போவோம். நான் கோருவேன், அவள் ஊற்றுவாள். வேலை முடிந்தால் அயனி மரத்தடியில் உட்காருவோம். எழுந்திருக்கத்தான் நேரமாகும்.

ஒருநாள் அவளிடம் கேட்டேன். நான் உறங்கிப்போவேன், முடிவு எதுவும் கண்டதில்லை, நீ கரைந்தாயே, அந்தப் படத்துக்கு முடிவு என்ன என்று.

"எனக்கும் அறியாது," என்றாள். "லைட்டப் போடுததுக்கு முன்ன எழும்பிப் போயிருவோம். போட்டா முகம் தெரிஞ்சிருமே."

இன்னும் ஒரு சுவர் நனைக்க இருந்தது. கையைப் பிடித்துத் தூக்கிவிடச் சொன்னாள். எனக்கும் பிடிக்க ஆள் வேண்டும். அயனி மரத்தைப் பிடித்துக்கொண்டு முதலில் நான் எழுந்தேன்.