அக்காவுக்கு அளவெடுத்தார்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் உயிரோடு இருக்கிற ஆளைப் படுக்கவைத்து அளக்க மாட்டார்கள். சட்டைக்கு அளவு கொடுப்பதென்றால் லுணுகலை டவுனுக்குப் போய்த் தையல்காரர் முன்னால் நிமிர்ந்து நின்று கொடுக்க வேண்டும். படுத்திருக்கிற ஆளுக்கு டேப் பிடித்தால் அது ஒன்றே ஒன்றுக்குத்தான். தோட்டத்தில் யாராவது செத்தால் பெட்டி தோட்டத்துச் செலவு. பலகை வேலை பார்க்கும் பாஸ் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வந்து, தலையிலிருந்து கால்வரை டேப்பை இழுப்பார். பெரியப்பா போனபோது நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். அதனால்தான், பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்த ஐயா லயத்து வரிசை வீடுகளில் எங்கள் காம்பராவுக்குள் நுழைந்து, பாயில் கிடந்த அக்காவின் பக்கத்தில் குந்தி, பையிலிருந்து மஞ்சள் டேப்பை எடுத்தபோது நான் முதலில் அவர் காதில் பென்சில் இருக்கிறதா என்று பார்த்தேன்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். பிறந்தபோது மூச்சு விடத் தாமதமாகிவிட்டதாம். கழுத்தும் நிற்காது, முதுகும் நிற்காது, பேச்சும் வராது. ஆனால் சிரிப்பாள், கோபிப்பாள், ரேடியோவில் எனக்குப் பிடித்த பாட்டு வந்தால் வேண்டுமென்றே கூடக் கத்திக் கெடுப்பாள். லயத்தில் எல்லோரும் அவளைப் ‘பாவம்’ என்பார்கள். என் வீட்டுப்பாடக் கொப்பியில் எச்சில் வடித்து வைத்துவிட்டுச் சிரிப்பவளை நான் எதற்குப் பாவம் என்பது?

நடக்க முடியாதவர்களுக்கு உதவுகிற திட்டம் என்று ஒன்று அப்போது வந்திருந்தது. ஆஸ்பத்திரி ஆளைக் கொடுத்தது, கொழும்பிலுள்ள ஏதோ நிறுவனம் வாகனத்தைக் கொடுத்தது, எங்கள் தோட்டம் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்தது. மூன்று பேரும் கூட்டு என்று தோட்டத்து ஆபீஸ் வாசலில் துணி கட்டியிருந்தார்கள். மேட்டு லயத்துக்கு வாகனம் ஏறாது என்பதை மட்டும் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பாவம் அந்த ஐயா, படியேறி வந்து நெடுநேரம் மூச்சு வாங்கினார். அவருக்குச் சிங்களம்தான் தெரியும். தோட்டத்து மருத்துவச்சியம்மா கூட வந்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொன்னார்.

அம்மாவும் டேப்பைப் பார்த்ததும் முகம் மாறினாள்.

“படுக்க வச்சு வேணாங்க. ஒக்கார வச்சு அளங்க,” என்றாள்.

மருத்துவச்சியம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது. உட்கார முடியாத பிள்ளைக்குத்தானே இதெல்லாம் என்று மெதுவாகச் சொன்னார். அம்மா விடவில்லை. பின்னால் உட்கார்ந்து அக்காவைத் தன் நெஞ்சோடு தூக்கி நிமிர்த்திப் பார்த்தாள். அக்காவின் தலை ஒரு பக்கம் சரிந்து, உடம்பு முழுக்க வழுகிக் கீழே வந்தது. கடைசியில் படுக்கவைத்தே அளந்தார்கள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் அந்த ஐயா அந்த இரண்டு வார்த்தைகளையும் சொன்னார். மினும் என்றார், அப்புறம் பெட்டிய என்றார். அளவெடுத்து, சாமானைப் பெட்டியில் போட்டு அனுப்புவோம் என்பதுதான் அவர் சொன்னது. சிங்களத்தில் மினும் என்றால் அளவு. எனக்குத் தெரிந்த சிங்களமோ பஸ் ஸ்டாண்டுச் சிங்களம். லுணுகலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பளபளவென்று பெட்டிகளை நிறுத்தி வைத்திருக்கும் கடை உண்டு. அதை மினீ பெட்டிக் கடை என்போம். மினிய என்றால் பிணம். அந்தக் கடையை விரல் நீட்டிக் காட்டாதே என்று அம்மா அடிப்பாள். என் காதில் அந்தப் பெட்டிதான் விழுந்தது. இடையில் வீல்சேர் என்றும் சொன்னார்களாம். நான் இருந்த இருப்பில் அதெல்லாம் எங்கே கேட்டது!

டேப்பைச் சுருட்டி வைத்த பிறகு, அக்காவுக்கு எப்படிச் சோறு ஊட்டுவதென்று அந்த ஐயா காட்டினார். தலையை உயர்த்திப் பிடிக்க வேண்டும், கரண்டி நுனியில் கொஞ்சமாக எடுக்க வேண்டும், விழுங்கும்வரை பொறுக்க வேண்டும். அப்புறம் அம்மாவை வாசலுக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி நெடுநேரம் என்னவோ சொன்னார். மருத்துவச்சியம்மா தரையைப் பார்த்துக்கொண்டே அதைத் தமிழில் சொன்னார். அவர்கள் போனதும் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என்னம்மா என்று கேட்டேன். ஒன்றுமில்லை, போய்த் தண்ணீர் பிடித்து வா என்று எரிந்து விழுந்தாள். அதற்கு மேல் எனக்கு யார் என்ன சொல்ல வேண்டும்? அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார், தீபாவளிக்கும் நத்தார்ப் பண்டிகைக்கும்தான் வருவார். பக்கத்துக் காம்பராச் சித்தி வந்து விசாரித்தபோது, “அளவெடுத்துட்டுப் போயிருக்காங்க. வர்றப்ப வரட்டும்,” என்று மட்டும் அம்மா சொன்னாள். வரப்போவது அந்தப் பெட்டிதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

இரண்டு மூன்று நாள் ஒன்றும் ஓடவில்லை. வகுப்பில் டீச்சர் கேட்டதற்கெல்லாம் முழித்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மாதாவிடம், அந்த வாகனம் வழியிலேயே பழுதாகிவிட வேண்டும் என்று மன்றாடினேன். மாதாவுக்கே சிரிப்பு வந்திருக்கும். பிறகு திடீரென்று ஒரு யோசனை வந்தது. அளவு தப்பினால் பெட்டி மூடாது. மூடாத பெட்டியை என்ன செய்வார்கள், திருப்பித்தானே கொண்டுபோக வேண்டும்? அக்கா பெருத்துவிட்டால் போதும்.

அம்மா விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, ஓட வேண்டியவள். அக்கா ஒரு வாய் விழுங்க எடுக்கும் நேரத்தில் நாங்கள் சாப்பிட்டுக் கையே கழுவிவிடுவோம். அம்மா நான்கு வாய் கொடுத்துவிட்டு மணியைப் பார்ப்பாள். பகலில் சித்தி தன் கைப்பிள்ளையோடு இரண்டு வாய் கொடுப்பாள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எனக்குத்தான் நேரம் கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்காவின் தலையை என் மடியில் உயர்த்தி வைத்து, அந்த ஐயா காட்டியபடி ஊட்ட ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் தரும் பயறை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து மசித்தேன். வாரத்தில் ஒருநாள் அவித்த முட்டை தருவார்கள். அந்த வாசனைக்கு எனக்கு நாக்கு ஊறும். அதையும் மசித்தேன். தின்னுடி, தின்னுடி என்று கெஞ்சுவேன். அவள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

மழை பிடித்த பிறகு ஒருநாள் அவசரப்பட்டுவிட்டேன். சோறு புரையேறி, அக்காவின் உதடு நீலமாகிப் போனது. கண் மேலே சொருகியது. சித்தி ஓடிவந்து அவளைக் கவிழ்த்து முதுகில் தட்டினாள். அக்காவின் இருமல் திரும்பும்வரை எனக்கு உயிரே இல்லை. பெட்டி வரட்டும் என்று காத்திராமல் நானே அனுப்பப் பார்த்தேனே என்று கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். மறுநாள் பயந்து பயந்து கரண்டியை எடுத்தேன். எடுக்காமலும் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு முறை கீழே ரோட்டில் வாகனச் சத்தம் கேட்கும்போதும் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். கொழுந்து லொறியாக இருந்தால் மூச்சு வரும்.

மழை விட்டு வெயில் வந்த மாதத்தில், இரண்டு பேர் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு படியேறினார்கள். பின்னால் அந்த ஐயா, மருத்துவச்சியம்மா, போட்டோ எடுக்க ஒரு ஆள். நான் உள்ளே ஓடி அக்காவின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். என்னைப் பிய்த்து எடுக்க அம்மா பெரும்பாடு பட்டாள். பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது சக்கரம் வைத்த நாற்காலி!

அம்மாடி, எனக்கு வந்த சந்தோஷம்! கூடவே அசடும் வழிந்தது. இதற்காகவா இத்தனை நாள் செத்துப் பிழைத்தேன்? அக்காவைத் தூக்கி உட்கார்த்தினார்கள். இடுப்பு இறங்கவில்லை. ஒருமுறை சாய்த்துப் பார்த்தார்கள், அப்போதும் இறங்கவில்லை. போட்டோக்காரர் கமராவைக் கீழே இறக்கினார். அந்த ஐயா திரும்பவும் டேப்பை எடுத்து அளந்தார், தான் முன்பு குறித்து வைத்திருந்ததைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். யார் சாப்பாடு கொடுக்கிறது என்று கேட்டார். அம்மா என்னைக் காட்டினாள். நான் பயறு, முட்டை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மருத்துவச்சியம்மா சிங்களத்தில் சொல்லி முடிக்குமுன் அந்த ஐயா குந்தி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. எனக்கு அந்தச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. அம்மா சுவரில் சாய்ந்து நின்று சத்தமில்லாமல் அழுதாள். நாற்காலி திரும்பிப் போகிற கவலை என்று நினைத்து, பெரிதாக வேறொன்று தருவார்கள், அழாதே என்று நானே ஆறுதல் சொன்னேன்.

வேறொன்று தந்தார்கள். அக்கா இன்றைக்கும் எங்கள் வீட்டு வாசலில் அதற்கும் அடுத்து வந்த நாற்காலியில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரையெல்லாம் கத்தியே அதட்டுகிறாள். அளவெடுத்த அன்று வாசலில் வைத்து அந்த ஐயா சொன்னதை, எனக்குக் கல்யாணம் பேசிய சமயத்தில்தான் அம்மா வாய் திறந்து சொன்னாள். பிள்ளை உடம்பில் ஒன்றுமே இல்லை, நாற்காலி வர நாளாகும், இந்த மழையைத் தாண்டுவது கஷ்டம், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்றாராம். அத்தனை வருஷமும் அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் நாற்காலி வந்த அந்த வாரம் எனக்கு இதொன்றும் தெரியாது. முட்டை நாளன்று நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா வேலைக்குப் போகாமல் அக்காவை மடியில் வைத்துக்கொண்டு, கையில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தாள். என் டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தாள்.

“முட்ட எங்கடி?”

“தின்னுட்டேன்,” என்றேன். “அதான் இனி ஒண்ணும் பயமில்லயேம்மா.”