ஞாயிற்றுக்கிழமை வந்த வெடி அறிவிப்பு

சாமியைத் தவிர வேறெதையும் நான் நம்பியதில்லை. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். நீங்களும் எழுந்து போகலாம், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி ஆபீசில் எடுபிடி வேலை எனக்கு. கல் உடைக்க வெடி வைக்கும் நேரம், ஷிப்ட், லீவு எல்லாம் எங்கள் போனில் ஆபீஸ் ஆப்பில்தான் வரும், எல்லோரையும் அண்ணன், அக்கா என்றே அது கூப்பிடும். அதை அனுப்புகிற சர்வர் பழசாகிவிட்டதென்று, புதுசுக்கு மாற்றப் பெரம்பலூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் தம்பி வந்தார், வெடி இல்லாத ஞாயிறு மதியமாகப் பார்த்து. இரண்டு நகல் எடுத்து, சரிபார்த்து, அப்புறம்தான் பழைய பெட்டியின் வயரைப் பிடுங்கினார். நான் அதற்கு விபூதி பூசினேன்.

"போன உசுருக்கா பூசுறீங்க?"

"நமக்காக ஒழைச்சிருக்குல்ல தம்பி."

எங்களுக்குத் தெரியாதது ஒன்று. மழை வரும் என்று மேனேஜர் அன்றைக்கே வெடி வைக்கச் சொல்லி, நாலு மணிக்குத் தானாகப் போகிறமாதிரி பழைய சர்வரில் அறிவிப்பை ஏற்றி வைத்திருந்தார். பழசு செத்துக் கிடந்தது. புதுசை இன்னும் யார் போனோடும் இணைக்கவில்லை.

ஞாயிறு மட்டும் என் சம்சாரம் செல்வி ஆடுகளைக் குவாரியின் பின்சரிவுக்கு ஓட்டிப்போவாள். அங்கே மேய்க்கக் கூடாது, அதனால் ஆபீசில் ஒருத்தரிடமும் நான் மூச்சு விட்டதில்லை. வெடிச் சங்கு ஊதினாலும் அந்தப் பக்கம் கேட்காது.

நாலு மணிக்கு என் போனில் ஆபீஸ் ஆப்பில் ஒரு செய்தி வந்தது. "நாலரைக்கு வெடி. பின்சரிவில் ஆடு மேய்க்கும் அக்காவைக் கூப்பிட்டுக்கொள்ளவும்."

உடனே செல்விக்குப் போன் போட்டேன்.

"வெயில் தாழட்டும், வரேங்க."

"வெடி வைக்கப் போறாங்கடி. ஆடு கெடக்கட்டும், நீ ஓடு."

அவள் ஆட்டையும் விடவில்லை, ஓட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தபோது சத்தம் கேட்டதாம். மறுநாள் போய்ப் பார்த்தேன், அவள் உட்கார்ந்திருந்த வேப்பமரத்தடியில் அம்மிக்கல் அளவு கல் ஒன்று புதைந்து கிடந்தது.

கம்ப்யூட்டர் தம்பி அன்றைக்கே என் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தார். "பழசுல கரண்டே இல்லண்ணே. புதுசு இன்னும் வாயே தொறக்கல." அவர் எடுத்த நகலில் தேடினால், மேனேஜர் ஏற்றிய அறிவிப்பில் 'நாலரைக்கு வெடி' என்ற முதல் வரி மட்டும்தான் இருந்தது. வேறு யார் போனுக்கும் எதுவும் வரவில்லை.

எல்லோரும் புது சர்வரோடு வந்த புது ஆப்புக்கு மாறிவிட்டார்கள். நான் பழையதை அழிக்கவில்லை. அந்தச் செய்தி அதிலேயே இருக்கிறது, அனுப்பியவர் பெயர் வரவேண்டிய இடம் மட்டும் காலி.

எங்கள் குலதெய்வம் அய்யனார்தான் அனுப்பினார் என்கிறாள் செல்வி. போய்ப் பொங்கல் வைத்துக் கும்பிட்டுவிட்டும் வந்தோம். ஆனால் அய்யனார் எதற்கு என் சம்சாரத்தை அக்கா என்று சொல்லப் போகிறார்?