நிறுத்தம் வேண்டி ஒரு மனு

மனு கிடைத்த மூன்று நாளுக்குள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்பதையாவது எழுத்தில் சொல்ல வேண்டும். இது விதி. இதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் இந்த விதியை மீறாமலே மீறுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி இருந்தது. "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி அனுப்பிவிட்டால் போதும். பதில் வரவில்லை என்று மனுதாரர் சொல்ல முடியாது. பதில் வந்துவிட்டது என்று அவர் சந்தோஷப்படவும் முடியாது.

ஓய்வுபெற்ற பிறகு மேசைக்கு அந்தப்புறம் போய் நிற்கும் எண்ணம் எனக்கு இல்லை. மஞ்சக்குப்பத்தில் வீடு, காலையில் கடற்கரை வரை நடை, செய்தித்தாளில் வரும் இலக்கணப் பிழைகளை அடிக்கோடிடுவது என்று வாழ்க்கை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதைக் கெடுத்தது என் அக்கா. அதுவும் இறந்துபோய்.

அக்கா சிதம்பரத்தை அடுத்து, கீரப்பாளையம் போகும் சாலையில் ஒரு சிற்றூரில் இருந்தாள். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் முன்பே போய்விட்டார், பிள்ளைகள் கிடையாது. அந்த ஊரில் காது கேளாத பிள்ளைகள் நான்கு பேர், நடை சரியில்லாத பையன் ஒருவன். அவர்களுக்கான பள்ளி சிதம்பரத்தில் இருந்தது. பெற்றோர் பொழுது விடிவதற்குள் நடவுக்கோ களையெடுப்புக்கோ போய்விடுகிறவர்கள். யார் கூட்டிப்போவது என்று ஊர் யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா கூட்டிப்போய்விட்டாள். காலையில் ஐந்து தலைக்கும் எண்ணெய் வைத்து, இட்லி கொடுத்து, பேருந்தில் ஏற்றி, பள்ளியில் விட்டு, மாலை வரை அங்கேயே உட்கார்ந்து அறுந்த பொத்தான்களைத் தைத்துக்கொண்டிருந்து, திரும்பக் கூட்டிவருவாள். வருடக்கணக்காக இதுதான் அவள் வேலை.

"ஒரு அறக்கட்டளையா பதிவு பண்ணிடு. எல்லாம் முறையா இருக்கும்" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"பதிவு பண்ணா பஸ்ஸு சீக்கிரம் வருமாடா?" என்று கேட்டாள்.

ஆடி மாதம் அவள் போனாள். காரியமெல்லாம் முடிந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு கடலூருக்குக் கிளம்பலாம் என்று நான் வாசலுக்கு வந்தபோது ஐந்து பிள்ளைகளும் சீருடையில், புத்தகப் பையோடு நின்றார்கள். அவர்களில் பெரியவளுக்குப் பத்து வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, எதையோ மறிப்பதுபோலக் காட்டினாள். அக்காவைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, இல்லை என்று தலையசைத்தேன். அவள் விடவில்லை. திரும்பவும் அதையே காட்டினாள்.

எதிரில் தேநீர்க் கடை வைத்திருந்த பாய்தான் விளக்கம் சொன்னார். "அக்காவக் கேக்கல சார். பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போங்கிது. அதுங்களுக்கு அக்காவும் பஸ்ஸும் ஒரே கை ஜாடதான்."

அன்று ஒரு நாள் மட்டும் என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகளை அழைத்துப் போனேன். சாலையின் இடதுபுறம், தார் முடியும் இடத்துக்கு வெளியே, விதிப்படி நின்று கையை நீட்டினேன். பேருந்து எங்களைப் பார்த்தபடியே போனது. அடுத்ததும் போனது.

"அங்க நின்னா நிக்காது சார்" என்றார் பாய், கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே. "இங்க ஸ்டாப்பிங்கே கெடையாது. அக்கா நடுரோட்டுல போய் நிப்பாங்க, குடைய குறுக்க நீட்டிக்கிட்டு. டிரைவருக்கு ரெண்டே வழி. ஒண்ணு அவுங்கள ஏத்திக்கணும், இல்ல அவுங்க மேல ஏத்தணும்."

இத்தனை வருட தருமமும் ஒரு சாலை விதிமீறலின் மேல் நின்றிருக்கிறது. நான் கடலூருக்குக் கிளம்பவில்லை. ஆனால் நடுரோட்டில் குடையோடு நிற்கவும் என்னால் முடியாது. அதற்கு அக்காவின் துணிச்சல் வேண்டும், அல்லது என் படிப்பு இல்லாமல் இருக்க வேண்டும்.

அதிகாரபூர்வமான நிறுத்தம் வாய்க்கால் பாலத்துக்கு அப்பால், அடுத்த ஊரில் இருந்தது. நடந்துதான் போக வேண்டும். பின்னால் வரும் லாரியின் ஹாரன் நான்கு பேருக்குக் கேட்காது, பையனுக்குக் கேட்டாலும் சட்டென்று ஒதுங்க வராது. ஆகவே ஒரு கயிறு வாங்கி, ஐந்து பேரையும் வரிசையாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கடைசி முனையை நான் பிடித்துக்கொண்டேன். லாரி வந்தால் நான் கயிற்றை இழுப்பேன். மொத்த வரிசையும் ஓரம் ஒதுங்கும். ஊரில் இதற்கு உடனே பெயர் வைத்துவிட்டார்கள். "சார் ஆடு ஓட்டிட்டுப் போறாரு" என்று களத்து மேட்டிலிருந்து ஒருவர் குரல் கொடுப்பார். "பொழுதோட பட்டியில அடைச்சிருங்க சார்" என்று இன்னொருவர் முடிப்பார்.

பெரியவளின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒருநாள் காலை பாலத்தில் எங்களை மறித்து நின்றாள். "மழ ஆரம்பிச்சா இந்த ஓரம் முச்சூடும் சேறாயிடும் சார். அப்பறம் தார்லதான் நடக்கணும். காடாம்புலியூர்ல எங்க அண்ணன் இருக்குது, முந்திரிக்கொட்ட ஒடைக்கக் கூப்புடுது. இவள அங்க அனுப்பிடலாம்னு இருக்கேன். கை கருகுனாலும் உசுரோட இருக்கும்ல."

கொட்டையின் எண்ணெய் பட்டால் தோல் உரியும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்துதான் சொன்னாள். லாரியையும் எண்ணெயையும் தராசில் வைத்துப் பார்த்து எண்ணெயைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

"கொஞ்சம் பொறும்மா. மனு எழுதுறேன்" என்றேன். நாற்பது வருடங்களாக மற்றவர்கள் எழுதியதைப் படித்துத் தள்ளியவன், முதன்முறையாக ஒன்று எழுதினேன். ஊர்க்காரர்கள் "ஸ்டாப்பிங்கு வேணும்னு எழுதுங்க சார்" என்றார்கள். ஸ்டாப்பிங் என்ன தமிழா? தூய தமிழில், இலக்கணம் பிசகாமல், அலுவலக நடையில் பொருள் வரி அமைத்தேன்: "பேருந்து நிறுத்தம் – கோருதல் – தொடர்பாக." ரசித்து இரண்டு முறை படித்துக்கொண்டேன். திங்கட்கிழமை கடலூரில் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுத்தேன். எண் போட்டுத் தந்தார்கள்.

மூன்று நாள் போயிற்று. ஒரு மாதமும் போயிற்று. நேரில் போய்க் கேட்டேன்.

"ஃபைல் மேல போயிருக்கு சார்" என்றார் அந்தப் பிரிவு எழுத்தர்.

"மேலன்னா எந்த மேசை?"

"மேலதான் சார்."

இதைவிடச் சுருக்கமாக நானே சொல்லியிருக்க முடியாது. மரியாதையோடு திரும்பி வந்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சாலையோரம் கரைந்து வாய்க்காலோடு சேர்ந்தது. பிள்ளைகளைத் தார்ச்சாலையிலேயே நடத்திப் போனேன். ஒருநாள் ஒரு மணல் லாரி என் சட்டைக் கையை உரசுகிற தூரத்தில் போனது. கயிற்றை இழுத்த வேகத்தில் நடை சரியில்லாத பையன் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். அன்று மாலை பெரியவளின் அம்மா மகளின் துணிகளை மடித்து ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டிருந்ததை வாசலிலிருந்து பார்த்தேன்.

மறுநாள் காலை, பாய் கடை முன்னால் ஒரு ஜீப் நின்றது. போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் காக்கியில் இறங்கினார். கையில் கோப்பு, அதில் என் மனு. மேலே போனது ஒருவழியாகக் கீழே வந்துவிட்டது என்று நான் எழுந்தேன்.

"இந்த ஊர்ல பஸ்ஸ நிறுத்தணும்னு மனு குடுத்தது யாரு?" என்று கேட்டார் அவர்.

"நான்தான்" என்றேன் பெருமையாக.

"ஏன் சார் நிறுத்தணும்? கலெக்‌ஷன் வருது, கூட்டம் வருது. உங்களுக்கு பஸ்ஸால என்ன தொந்தரவு?"

ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. கோப்பின் மேலட்டையில் யாரோ பெரிய எழுத்தில் எழுதியிருந்ததைப் படித்த பிறகு விளங்கியது: "பேருந்தை நிறுத்தக் கோருதல்." பொருள் வரியைத் தாண்டிப் படிக்காமல், என் தூய தமிழை மேலே இருந்தவர்கள் அப்படித்தான் வாசித்திருந்தார்கள். ஸ்டாப்பிங் என்று எழுதியிருந்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிந்திருக்கும்.

செய்தி தெருத்தெருவாக ஓடியது. கடலூரிலிருந்து வந்த சார் பஸ்ஸையே நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பூ விற்கிற அம்மாள் வந்தாள். கல்லூரிக்குப் போகிற பெண்கள் வந்தார்கள். ஆடு பட்டி என்று கிண்டல் செய்த இருவரும் வந்தார்கள். அவர்கள் முகத்தில் இப்போது கிண்டல் இல்லை.

"ஏன் சார், அக்கா பஸ்ஸ நிறுத்துனாங்க" என்றார் பாய் மெதுவாக. "நீங்க பஸ் சர்வீஸையே நிறுத்திட்டீங்களே. ரொம்ப ஜாஸ்தியா இல்ல?"

திருத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது நாற்பது வருட அனுபவம் என் வாயை மூடியது. திருத்தம் என்றால் புது மனு. புது மனு என்றால் புது எண். புது எண் என்றால் மறுபடியும் மேலே. அங்கே மஞ்சள் பை தயாராக இருக்கிறது. தவறான மனுவுக்காவது ஒரு அதிகாரி நேரில் வந்து நிற்கிறார். சரியான மனுவுக்கு அவரும் வரமாட்டார்.

"பொதுமக்கள் ஆட்சேபம் சொன்னா அத நான் மதிக்கிறேன்" என்றேன் ஆய்வாளரிடம். "எல்லாரோட வாக்குமூலத்தையும் வாங்கிக்குங்க. ஆனா கள ஆய்வு அறிக்கைல பயணிகள் எந்த இடத்துல ஏறுறாங்கன்னு நேர்ல பாத்துத்தான எழுதணும்?"

"ஆமா" என்றார் அவர், கொஞ்சம் சந்தேகத்தோடு.

"இந்தா, வண்டி வர்ற நேரம்தான்."

பேருந்து பாலத்தைத் தாண்டி வந்தது. ஓட்டுநர் காக்கிச் சட்டையைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். தேநீர்க் கடைக்கு நேர் எதிரே, ரோட்டில் கோடு கிழித்து வைத்ததுபோல் வண்டி நின்றது. பெரியவள் முதலில் ஏறினாள். பிறகு ஒவ்வொருவராக ஐந்து பேரும். பையனை நடத்துநரே கை கொடுத்துத் தூக்கிவிட்டார். பூக்காரம்மாள், கல்லூரிப் பெண்கள், களத்து மேட்டுக்காரர்கள் என்று ஊர் மொத்தமும், பஸ் எங்களுக்குத் தேவை என்று காட்டுவதற்காகவே, அவசரம் இல்லாதவர்கள்கூட ஏறிக்கொண்டார்கள். ஆய்வாளர் எழுதினார்: "மேற்படி தேநீர்க் கடை எதிரில் பேருந்து நின்றது. செவித்திறன் குறைந்த பிள்ளைகள் உள்பட ஏராளமானோர் ஏறினர்." படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன். எழுத்துப் பிழை ஒன்று இருந்தது. விட்டுவிட்டேன்.

கோப்பைக் கட்டிக்கொண்டே அவர் கேட்டார்: "சார் நீங்க எந்த டிபார்ட்மெண்ட்ல இருந்தீங்க?"

சொன்னேன்.

"அதான பாத்தேன்" என்றார். பாய் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த நாளும் பேருந்து அங்கே நின்றது. அதற்கு அடுத்த நாளும். காரணத்தை நடத்துநரிடம் பாய்தான் கேட்டார். "என்னா மச்சான், திடீர்னு பாசம் பொங்குது?"

"பாசமாவது ஒண்ணாவது மாமா. விசாரணைல இருக்குற எடமாம், டெப்போல சொல்லிட்டாங்க. நிறுத்தாமப் போனா எழுதிப் போட்டுருவாங்க. எவன் மாட்டிக்கிறது?"

நான் ஆனந்தத்தில் மிதந்தேன். விசாரணை முடிந்து பதில் வரும்வரை உள்ள நிலையே தொடரும். பதில் வராதவரை பஸ் நிற்கும். என் வாழ்நாளில் முதன்முறையாக அரசு தாமதம் எனக்காக வேலை செய்தது. நினைவூட்டுக் கடிதம் ஒன்றுகூட எழுதவில்லை. கடலூர்ப் பக்கமே போகவில்லை. மாறாக, தினமும் காலையில் பிள்ளைகளோடு ஏறி, சிதம்பரத்துப் பள்ளியில் அக்கா உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தேன். பொத்தான் தைக்க வரவில்லை. ஆனால் அங்கிருந்த ஆசிரியைகளிடம் கைமொழி கற்றுக்கொண்டேன். பெரியவள் எனக்கும் ஒரு கைப்பெயர் வைத்தாள்: கண்ணாடியை மூக்கில் மேலே தள்ளிவிட்டு, உதட்டைப் பிதுக்குவது. கண்ணாடியை ஏற்றுக்கொள்கிறேன்.

அவள் அம்மாதான் நம்பவில்லை. மஞ்சள் பையை அவிழ்க்காமல் அப்படியே வைத்திருந்தாள். "இன்னிக்கி நிக்கும், நாளைக்கி டிரைவரு மாறுவாரு. எழுத்துல வரட்டும் சார். பரிச்ச முடியற வரைக்கும் பாக்குறேன். இல்லன்னா லீவுலயே எங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிடும்."

ஆக, பதில் வந்தாலும் ஆபத்து, வராவிட்டாலும் ஆபத்து. தை போயிற்று, மாசி போயிற்று. சம்பா அறுத்த வயலில் உளுந்து பூத்தது. அவள் அண்ணன் வருவதாகச் சொன்ன வாரத்தில் தபால்காரர் பாய் கடையில் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். கடை முன்னாலேயே பிரித்தேன். அந்த அம்மாவும் வந்து நின்றாள்.

"பார்வையில் கண்ட மனுவில் பேருந்தை நிறுத்தக் கோரியது கவனமுடன் பரிசீலிக்கப்பட்டது. பொதுமக்களின் ஆட்சேபத்தையும் கள ஆய்வு அறிக்கையையும் கருத்தில் கொண்டு, மனுதாரரின் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. மேற்படி தேநீர்க் கடை எதிரில் பேருந்து தொடர்ந்து நின்று செல்லும் என்று தெரிவிக்கப்படுகிறது."

"என்னா சார் போட்டுருக்கு?" என்று கேட்டாள்.

"முடியாதுன்னு போட்டுருக்கு."

அவள் முகம் இறுகியது. "எது முடியாதாம்?"

"பஸ்ஸ நிறுத்த முடியாதாம்."

பாய் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நிக்குமா, நிக்காதா?"

"நிக்கும். கையெழுத்து, முத்திரை, நகல் அனுப்பின டெப்போ எல்லாம் இருக்கு. எந்த டிரைவர் வந்தாலும் நிக்கும்."

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, முத்திரையின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு பாயிடம் திரும்பினாள். "உங்க போனக் குடுங்க பாய். எங்க அண்ணன வர வேணாம்னு சொல்லிடுறேன்."

என் மனு நிராகரிக்கப்பட்டதற்காக அன்று கடையில் இருந்த எல்லோருக்கும் தேநீர் சொன்னேன். நிலுவைக் கோப்புகளைத் தீர்த்துக் கணக்குக் காட்ட எல்லா அலுவலகங்களும் அலறி அடித்துக்கொள்ளும் நாள்தான் கடிதத்தில் இருந்த தேதி: மார்ச் முப்பத்தொன்று.