ஸ்டேப்ளர் பின் கேட்ட நாள்

"யாரும்மா உன்ன நிறுத்தச் சொன்னது?"

வங்கியின் பழைய கோப்புகள் வைக்கும் அறையில், கேஷ் கவுண்டர் அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது. ஒரு வருடம் ஆகிவிட்டது. இன்னும் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் நிறுத்தியது என் மகளுக்குத் தாய்ப்பால் கொடுப்பதை. அப்போது அவளுக்குப் பதின்மூன்று மாதம். நான் எம்.பி.ஏ. முதல் வருடத் தேர்வு எழுதி முடித்திருந்தேன். கோடை விடுமுறையில் நாற்பத்தைந்து நாள் ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்து சான்றிதழ் வாங்கிவர வேண்டும் என்பது கல்லூரி விதி. எனக்குத் திருவண்ணாமலை டவுனில் ஒரு வங்கிக் கிளை கிடைத்தது. வீடு அடி அண்ணாமலையில். பஸ் கிடைத்தால் இருபது நிமிடம்.

கிளம்புவதற்கு முன் கல்லூரியில் எங்கள் துறைத் தலைவர் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார். "பேங்க்குன்னா காலைல பத்து மணிக்கு உள்ள போனா சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வெளிய வரணும். நடுவுல பர்மிஷன், லீவுன்னு கேட்டு யாரும் காலேஜ் பேரக் கெடுக்காதீங்க." முப்பது பேர் நின்றோம். என்னை மட்டும் பார்த்துச் சொன்னது போல எனக்குப் பட்டது.

வீட்டில் என் மாமியார், "மறக்கடிக்கறதுன்னா இப்பவே மறக்கடிச்சுடு. ஆபீஸ்ல போய் ஜாக்கெட்டு நனைஞ்சுதுன்னா உனக்குத்தான் அசிங்கம்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கடைக்கு எலுமிச்சம்பழம் பொறுக்கிக்கொண்டே சொன்னார். கிரிவலப் பாதையில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை உண்டு. கணவர் செய்யாறில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வாரத்துக்கு ஒருமுறை வருவார். போனில் கேட்டபோது, "உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்" என்றார். எனக்கு எது சரி என்று படுகிறது என்பதைத்தான் நான் அவரிடம் கேட்டிருந்தேன்.

வேப்பிலையை அரைத்துப் பூசிக்கொண்டேன். குழந்தை ஆசையாக வந்து வாய் வைத்தாள். முகம் சுருங்கியது. அழவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். இவள்தானா என்று சரிபார்ப்பதுபோல ஒரு பார்வை. மூன்றாவது நாள் நான் வேப்பிலை பூசவில்லை, ஆனாலும் அவள் கிட்டே வரவில்லை.

பால் வற்றுவதற்கு மாமியார் மல்லிகைப்பூ வாங்கிவந்து மார்பில் வைத்துக் கட்டிவிட்டார். எங்கள் பக்கத்தில் வழக்கமாகச் செய்வதுதான். அந்தக் கட்டோடுதான் வங்கிக்குப் போனேன்.

எனக்குக் கொடுத்த வேலை, ரொம்ப நாளாக யாரும் தொடாத கணக்குகளின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் போன் செய்து, ஆதார் நகலோடு வரச் சொல்வது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயிகள் நிறையப் பேர். "உங்க கணக்கு ரெண்டு வருசமா செயல்படாம இருக்குங்க ஐயா" என்றால், ஒரு பெரியவர், "நானே ரெண்டு வருசமா செயல்படாமதாம்மா கெடக்கறேன், முட்டி வலி" என்றார். எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது மார்பு கட்டியாகக் கல் போல வலித்தது.

இரண்டாம் நாள் மதியம் சாப்பாட்டு அறையில், லோன் பிரிவில் இருந்த பெண் மூக்கை உறிஞ்சினாள். "யாருப்பா அது, கல்யாண வீடு மாதிரி வாசனை அடிக்குது?"

"இந்தப் பொண்ணுதான். ஆனா தலையில ஒரு பூவக் காணோமே" என்றார் இன்னொருவர்.

"ஸ்ப்ரேவா? எந்தக் கடை? சொல்லேன், நானும் வாங்கறேன்."

நான் டிபன் பாக்ஸை மூடினேன். கேஷ் கவுண்டர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்து, "ஒரு ஃபைல் எடுக்கணும், வா" என்று என்னைக் கோப்பு அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"எத்தன மாசம்?"

"பதிமூணுக்கா."

"யாரும்மா உன்ன நிறுத்தச் சொன்னது?"

யோசித்துப் பார்த்தேன். துறைத் தலைவர் பால் பற்றிப் பேசவேயில்லை. மாமியார் 'மறக்கடிக்கறதுன்னா' என்றுதான் சொன்னார். கணவர் என் இஷ்டம் என்றார். யாரும் சொல்லவில்லை.

"வூடு எங்க?"

"அடி அண்ணாமலை."

"அடிப்பாவி! தோ இருக்கு. என் பையனுக்கு ஒண்ணரை வயசு வரைக்கும் நான் மத்தியானம் போய்க் குடுத்துட்டு வந்தேன். ஒரு மேனேஜரும் ஒண்ணும் சொன்னதில்ல. இவரும் நல்ல மனுசன்தான். மொதல்ல அந்தக் கட்ட அவிழ்த்துப் போடு. இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல, புள்ள வாய வெச்சா திரும்ப வந்துடும். இப்பவே போய்க் கேளு, மத்தியானம் ஒரு மணி நேரம் வேணும்னு. நான் வேணா வரட்டுமா?"

"வேணாக்கா, நானே கேக்கறேன்."

மேனேஜர் அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே அவர் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். 'சார், குழந்தைக்கு' என்றேன். 'சார், வீட்டுல ஒரு அவசரம்' என்றேன். ஒரு ஆண்பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? வந்து இரண்டு நாளில் பர்மிஷன் கேட்கிறாள் என்று நினைத்தால்? கல்லூரிக்கு போன் போட்டுவிட்டால்? அதற்குள் அவர் நிமிர்ந்து பார்த்து, உள்ளே வரச் சொல்லிக் கையசைத்தார்.

"என்னம்மா?"

"ஸ்டேப்ளர் பின் தீர்ந்துபோச்சு சார்."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். "இதுக்கா இவ்ளோ நேரம் நின்ன? கேட்டு வாங்கிக்கணும்மா" என்று சிரித்தார்.

அக்காவிடம், "கேட்டேன்க்கா, இப்ப முடியாதுன்னுட்டார்" என்று பொய் சொன்னேன். அவர் மேனேஜர் அறைப் பக்கம் ஒரு முறை முறைத்தார். அந்த நல்ல மனிதர் மேல் நான் போட்ட பழி அது. அக்கா போய் அவரிடம் கேட்டுவிடுவாரோ என்று அடுத்த ஒரு வாரம் பயந்துகொண்டே இருந்தேன். அந்த வாரத்துக்குள் பால் வற்றிவிட்டது.

சித்திரா பௌர்ணமி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. மதியம் இரண்டு மணிக்கு மாமியார் போன் செய்தார். "காலைலேர்ந்து பாப்பாவுக்கு வயித்தால போவுது. இப்ப வாந்தியும் எடுக்கறா. கடையில கூட்டம், நான் ஒருத்திதான் இருக்கேன். நீ வந்துடறியா?" மேனேஜர் மேலதிகாரிகளோடு கூட்டத்தில் இருந்தார். வெளியே வரட்டும், சொல்லிவிட்டுப் போகலாம் என்று காத்திருந்தேன். அவர் வெளியே வரும்போது மணி நாலே முக்கால். இன்னும் கால் மணி நேரம்தானே என்று அதையும் இருந்து முடித்தேன்.

பௌர்ணமி என்றால் எங்கள் சாலையில் பஸ் ஓடாது, ஆட்டோவும் விடமாட்டார்கள். காஞ்சி சாலை வழியாக நடந்தேன். வலம் வருகிற அத்தனை பேரும் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். நான் அவர்களைக் கிழித்துக்கொண்டு போனேன். "ஏம்மா, இப்படிச் சுத்தக் கூடாதும்மா, திரும்பு, திரும்பு!" என்று ஒரு அம்மா கையைப் பிடித்தார். "வெளியூரா? மலை வலப் பக்கம் இருக்கணும்" என்று ஒருவர் வழி சொன்னார். "படிச்ச பொண்ணு மாதிரி இருக்கு, இதுகூடத் தெரியல பாரு" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். ஒவ்வொருவரிடமும், "என் வீடு அங்கதாங்க இருக்கு" என்று நின்று நின்று சொன்னேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. பதில் சொல்லாமல் போவது மரியாதை இல்லை என்று நினைத்தேன்போலிருக்கிறது.

குழந்தை கடைக்குப் பின்னால் துவண்டு கிடந்தாள். பக்கத்து வீட்டுத் தம்பியின் பைக்கில் வயல் வழியாகச் சுற்றி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள். டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டே, "தாய்ப்பால் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். "நிறுத்தி மூணு வாரம் ஆச்சு மேடம்." "சரி" என்று எழுதிக்கொண்டார். அதனால்தான் இப்படி ஆனதா என்று கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதும்மா. வெயில் காலம், தண்ணி. பால் குடிக்கற புள்ளைங்களுக்கும்தான் வருது. குடுத்திருந்தா கொஞ்சம் சீக்கிரம் தேறும், அவ்ளோதான்."

அவ்வளவுதான்.

டிரிப்ஸ் ஏறும்போது அவளை மடியில் கிடத்தி, முந்தானைக்குள் அணைத்துக்கொண்டேன். வாயைத் திறந்து தேடினாள். உதடு பட்டதும் நிறுத்திக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பி, "ஆயா" என்றாள். கடையை அப்படியே போட்டுவிட்டு எங்களுக்குப் பின்னாலேயே ஓடிவந்திருந்த என் மாமியாரிடம் கையை நீட்டினாள். ஊசி குத்தியிருந்த கை. அவரிடம் கொடுத்தேன்.

சனிக்கிழமை இரண்டாம் சனி, வங்கி விடுமுறை. ஞாயிறு மாலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திங்கள் காலை பத்து மணிக்கு நான் வங்கியில் இருந்தேன். யாரிடமும் லீவு கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

இன்டர்ன்ஷிப் முடிந்தபோது மேனேஜர் சான்றிதழில், ஒரு நாள்கூட விடுப்போ அனுமதியோ கோராமல் பணியாற்றினார் என்று எழுதிக் கொடுத்தார். கல்லூரியில் அதை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். துறைத் தலைவர் அப்போதுதான் என் இன்டர்ன்ஷிப் விண்ணப்பத்தில் குடும்ப விவரத்தைச் சரியாகப் பார்த்தார். "கைக்குழந்தை இருக்காம்மா உனக்கு? ஒரு லெட்டர் குடுத்திருந்தா அடுத்த செமஸ்டருக்கு மாத்தி விட்டிருப்பேனே" என்றார். நன்றி சார் என்று சொன்னேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன்.

இப்போது மகளுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. ஆயாவோடுதான் படுப்பாள். ஆனால் இரண்டு மாதமாக, நான் படித்துக்கொண்டிருக்கும்போது வந்து மடியில் ஏறி உட்கார்ந்து, என் காது மடலைப் பிடித்துக்கொள்கிறாள். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். அவள் கையை விடும்வரை நான் பக்கத்தைத் திருப்புவதில்லை.

போன வாரம் அதே வங்கியிலிருந்து கடிதம் வந்தது. அந்த மேனேஜர் சிபாரிசு செய்திருக்கிறார். படிப்பு முடிந்ததும் வேலை. அதற்கு முன் சென்னையில் ஆறு வாரம் பயிற்சி, பெண்கள் விடுதியில் தங்க வேண்டும். மாமியார், "போய்ட்டு வா, நான் பாத்துக்க மாட்டனா" என்கிறார். கணவர், "உன் இஷ்டம்" என்கிறார். இந்த வேலை எங்களுக்கு வேண்டும். எனக்கும் வேண்டும். ஆனால் ஆறு வாரம் கழித்து அவள் என் காதைத் தேடுவாளா என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை மூன்றே நாளில் என்னை மறந்தவள் அவள். மறக்க வைத்தவள் நான்.

வேலூரில் பயிற்சி தருவார்களா, அல்லது குழந்தையோடு வெளியே அறை எடுத்துத் தங்க விடுவார்களா என்று வங்கிக்கு எழுதிக் கேட்கலாம். நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் கடைசியில் 'தங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி' என்பதை மட்டும் விட்டுவிட்டு மீதியை அழித்தேன். பதில் அனுப்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அந்த ஸ்டேப்ளர் பின் பெட்டி வீட்டில் நான் எழுதும் இந்த மேசையில்தான் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களில், பிள்ளைக்காக மேலதிகாரியிடம் ஏதாவது கேட்டு வாங்கிய அம்மாக்கள் இருப்பீர்கள். கேட்டால் வேலையே போய்விடும் என்று நான் பயப்படுவது சரியா, தப்பா? கேட்கலாம் என்றால், நீங்கள் முதலில் என்ன வார்த்தை சொன்னீர்கள்? தயவுசெய்து அந்த முதல் வரியை மட்டுமாவது எனக்கு எழுதி அனுப்புங்கள்.