அடைப்புக்குப் பிரித்த ஓடு

ஓட்டு வேலைக்காரன் யார் வீட்டுக்குள்ளும் போகமாட்டான். ஆனால் வீட்டுக்குள் நடக்கிறதை அவனைப்போல் பார்த்தவன் கிடையாது. வெளியே ஏணி வைத்து ஏறி, மேலேயே வேலையை முடித்து, வந்த வழியே இறங்கிப் போகிற பிழைப்பு. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே நான் ஏறாத கூரை குறைவு.

ஒழுக்குக்குச் சட்டி வைத்துவிட்டு, அதில் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டபடி படுத்திருக்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். நல்ல ஓட்டு ஆள் யார் என்று என்னைக் கண்ட இடத்தில் கேட்கிறீர்கள். உலகச் சண்டைக் காலத்தில் ஒரே வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்தியாச்சு

சங்கரலிங்கம் திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி. கரிசல் காடு, உழவு மாடுகள், நாட்டு ஓடு போட்ட பெரிய வீடு. முகட்டில் ஓடு நழுவிக் கிடக்கிறது என்று சித்திரையிலேயே சொன்னேன். மழையே இல்லை, இப்போது எதற்கு என்றார். எங்கள் ஊர்க்காரர்கள் அண்ணாந்து பார்ப்பது மேகத்துக்காகத்தான். நடுவில் கூரை ஒன்று இருப்பது கண்ணில் படாது.

பிறகு டவுனிலிருந்து ஒரு கண்ட்ராக்டர் வந்தார். சட்டைப் பையில் பேனா, வாயில் நல்ல பேச்சு. ஓடு மாத்தச் சொல்லி அவரிடம் விட்டுவிட்டு, வீட்டோடு பாலவனத்தத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். ஓடு மாத்துவது என்றால் எங்கள் பக்கம் ஓட்டைப் பிரித்து, தூசி தட்டி, உடைந்ததை மட்டும் எறிந்துவிட்டு, அதே ஓட்டைத் திரும்ப அடுக்குவது. அப்போது சூளைக்கு விறகு கிடைக்கவில்லை. புது ஓடு வருவதில்லை. பழைய ஓட்டுக்கு ஏகக் கிராக்கி.

கண்ட்ராக்டர் நல்ல ஓட்டை எல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டு, எங்கிருந்தோ கொண்டுவந்த கீறல் ஓட்டை அடுக்கினார். விதை கொட்டி வைக்கிற குலுக்கைக்கு மேலே இருந்த ஓடு மட்டும் தப்பியது. அந்த மூலைக்கு அவர் வருவதற்குள் கல்யாணத்துக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். கீழே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சிவப்புத்தான். விஷயம் தெரிந்து சங்கரலிங்கம் டவுனுக்குப் போய்ச் சண்டை போட்டபோது, அந்த மனுஷன் நிதானமாகக் கேட்டாராம்: “ஓடு மாத்தத்தானே சொன்னீக? மாத்தியாச்சு.”

காய்ந்த மூலை

புரட்டாசியில் ஒரு மழை. விதைக்கிற மழை இல்லை, வீட்டை நனைக்கிற மழை. என்னைக் கூப்பிட்டார்கள். ஓடு கிடையாது. பனையோலையைச் செருகினேன். பத்து இடத்தில் அடைத்தால் பதினோராவது இடத்தில் ஒழுகுகிற கூரையாக அது ஆகியிருந்தது.

சங்கரலிங்கத்தைப் பெற்ற ஐயா அதற்குள் படுக்கையில் விழுந்திருந்தார். கை கால் வராது, வாய் மட்டும் வரும். கட்டிலை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று இழுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒழுகாத இடம் ஒன்றுதான், குலுக்கை இருந்த மூலை. மண் குலுக்கை, நகர்த்த முடியாது. உள்ளே கம்பும் சோளமும் பருத்திக்கொட்டையும். அந்த வருஷம் விதை வெளியில் எங்கேயும் கிடைக்காது. அது போனால் அடுத்த வருஷம் அடுப்பு எரியாது.

மூலையில் இருந்த சாமான்களை ஒதுக்கிக் கட்டிலைப் போடலாம் என்று பேசினார்கள். சாமானை இழுக்கும்போது இடித்து, குலுக்கை கீறிவிடும் என்று பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஓலையைச் செருகிக்கொண்டிருந்த எனக்கு அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது: “நான் மொளைக்கப் போறவனில்ல. வெதையப் பாருங்கலே.”

அடைப்பு

ஐப்பசியில் பெரியவருக்கு நினைவு தப்பியது. பார்க்க வருகிறவர்கள் முன்னால் அவர் நனைந்து கிடக்கக்கூடாது என்று, அவருக்குத் தெரியாமலே கட்டிலைக் குலுக்கை ஓரமாகக் கொண்டுவந்து போட்டார்கள். அவிட்டம் பிறந்தது. அவிட்டத்திலிருந்து ரேவதி முடிகிற வரைக்கும் யார் செத்தாலும் அடைப்பு. செத்தவருக்கு நேர் மேலே கூரை பிரிந்திருக்க வேண்டும். உயிர் அந்த வழியாகப் போகாவிட்டால் வீட்டில் இன்னொரு ஆளையும் கூட்டிக்கொண்டுதான் போகும் என்பார்கள்.

முன்கூட்டியே ஆள் பிடிக்கப் பார்த்தார் சங்கரலிங்கம். ஓட்டு வேலைக்காரர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவன் வீரசோழன் போய்விட்டான், ஒருவன் வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னான். அடைப்புக்குப் பிரித்த கையை அப்புறம் யாரும் நல்ல காரியத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். கடைசியில் என்னிடம் வந்தார். நான் வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவன். போகவேண்டாம் என்று என் வீட்டில் முறைத்தார்கள். என் வேலை நல்ல வேலை என்றுதான் வந்தீர்களா என்று சங்கரலிங்கத்திடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. “ஒங்களுக்குத்தான் நட்சத்திரம் கெடையாதே, மேஸ்திரி.”

மேலே யாரு

அந்த வீட்டில் உருப்படியாக இருந்த கூரை அந்த மூலைதான். அதைத்தான் பிரித்தேன். தலை நுழைகிற அளவு எடுத்துப் பக்கத்தில் அடுக்கிவிட்டு உட்கார்ந்தேன். மழை வந்தால் மூடவேண்டும், உயிர் போனால் அகலமாகப் பிரிக்கவேண்டும், மேலேயே இரு என்று உத்தரவு. ஒரு மனுஷன் சாவதற்கு அவன் கூரைமேல் காத்திருப்பது ஒரு வேலையா என்று கேட்பீர்கள். வேலைதான்.

இரண்டும் சேர்ந்தாற்போல் வந்தது. கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தபோது கீழே பெரியவருக்கு மூச்சு இழுத்தது. நான் ஓட்டைக் கையில் எடுத்தேன். மூடவேண்டாம் என்றார் சங்கரலிங்கம். அவர் சம்சாரம் நிறைமாசம், சுவரோரமாக நின்றுகொண்டிருந்தது. மூடினால் அந்த வயிற்றுக்கு ஆகாது என்று பயந்தார். மூடாவிட்டால் குலுக்கை கரையும். மூடவா என்று இன்னொரு தடவை கேட்டேன். தூறல் விழ ஆரம்பித்தது.

பெரியவர் கண்ணைத் திறந்தார். முகத்தில் விழுந்த தண்ணீர்தான் எழுப்பியிருக்கும். மேலே யாரு என்றார். தாவீது என்றேன். ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார், குலுக்கையைப் பார்த்தார், மருமகளையும் பார்த்தார். எதற்குப் பிரித்தாய் என்று கேட்கவில்லை. “தாவீது, நீ இத மூடு. ஏலே சங்கரலிங்கம், என்னயப் பழைய எடத்துக்கே தூக்கு. அங்கதான் கூரை முச்சூடும் வானம் தெரியுதே, தனியா வேற பிரிக்கணுமா?”

ஊர் கேட்டது

கட்டிலோடு தூக்கிப் போனார்கள். நான் மூடி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அன்று பொழுது சாய்வதற்கு முன்னால், ஒழுக்குக்கு அடியிலேயே பெரியவர் போய்ச் சேர்ந்தார். சங்கரலிங்கம் அவர் முகத்துக்கு மேலே ஒரு வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அதுவும் ஒழுகியது. விதை நனையவில்லை. பதினாறு கும்பிடுவதற்கு முன்பே ஏர் கட்டினார்கள். ஈரம் பதினாறு நாள் நிற்காது. சம்சாரம் தாய்வீட்டுக்குப் போய்ப் பெற்றது. பிள்ளை நன்றாக இருந்தது.

அடைப்பில் சாவு விழுந்த வீட்டில் சில மாசம் புழங்கக்கூடாது. அது முடிகிற மட்டும் வீட்டைப் பூட்டிப்போட்டுவிட்டுத் தொழுவில் ஒண்டிக்கொண்டார்கள். விளைச்சல் வந்தது. விற்று, எங்கெங்கோ அலைந்து ஓடு சேர்த்தார்கள். கூரையை அடியிலிருந்து மாத்துகிற வேலை. அது எனக்கு வரும் என்று நினைத்தேன். கமுதிப் பக்கத்து ஆள் ஒருவனை வைத்தார்கள். தண்ணீர் ஓடுகிற வாட்டம் சரியில்லை என்பது ரோட்டிலிருந்து பார்த்தபோதே தெரிந்தது.

அருப்புக்கோட்டைச் சந்தையில் சங்கரலிங்கத்தைப் பார்த்தேன். அவராகவே என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. கையை விடாமலே சொன்னார்: “வேலைக்கு நீங்கதான் மேஸ்திரி. ஆனா நீங்க மேல ஏறுனா, கீழ படுத்திருக்கது யாருன்னு ஊரு கேக்குது.”

ஆகையால், நல்ல ஓட்டு ஆள் வேண்டுமென்கிறவர்கள், உங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் யாரைக் கூப்பிடப் பயப்படுகிறார்கள் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.